உடம்பில் கை வைக்க மாட்டேன்

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

சாரு எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? நானும் நம் மதுவும் சுகம். போனில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் உங்கள் நண்பர் வெங்கடேஷிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை எங்கள் தி.நகர் நகைக்கடையில் ஒரு வைர மோதிரத்தைக் காணவில்லை. முதலாளி மகன் பாலகணேஷ் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "பொண்ணுங்கள உள்ள கூட்டிட்டுப் போய்த் தடவிப் பாருங்க மேடம்" என்றார். பையைப் பார்க்கலாம், உடம்பில் கை வைத்தாலோ அடைத்து வைத்தாலோ வழக்கு வரும் என்று கடை வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். அதைச் சொன்னேன். "சூப்பர்வைசர் நீங்க, நீங்களும் லேடி. கேஸ்லாம் வராது" என்றார்.

முதலில் நின்றவள் அனுப்ரியா, புதிதாகச் சேர்ந்த பெண். என் காதருகில் வந்து, "அக்கா, இன்னிக்கு வேணாங்க்கா, எனக்கு பீரியட்ஸு" என்றாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. எல்லோர் பையையும் பார்த்தேன், கதவைத் திறக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். "மோதிரம் கிடைக்கலன்னா போலீஸ்ல முதல் பேரு உங்க பேருதான்" என்றார் பாலகணேஷ். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. ஒருவேளை அவளே எடுத்திருந்தால்? அப்படியும் நினைத்தேனே!

மறுநாள், பாலீஷுக்குப் போன நகைகளோடு மோதிரமும் திரும்பி வந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பாலகணேஷ் அதோடு விடவில்லை. தினமும் நான் எல்லோரையும் சோதனை போட வேண்டுமாம். யாராவது புகார் கொடுத்தால் கடைக்குச் சம்பந்தமில்லை, நானே பொறுப்பு என்று கையெழுத்தும் போட வேண்டுமாம். அவர்கள் பயமும் பொய்யில்லை, போன வருடம் நிஜமாகவே ஒரு செயின் திருட்டுப் போனது. அதனால் பெரிய முதலாளியிடமே போய்ப் பேசினேன். பையைப் பார்க்கிறேன், கேமரா வையுங்கள், நகை கை மாறும்போதெல்லாம் சரிபார்க்கிறேன், உடம்பில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்றேன். "யோசிச்சு சொல்றோம். அதுவரைக்கும் வீட்ல இருங்க" என்றார்.

வீட்டில்தான் இருக்கிறேன்.

மத்தியானம் அனுப்ரியா போனில் பேசினாள். கையெழுத்துப் போட யாரும் முன்வராததால் இரண்டு நாளாகப் பையை மட்டும்தான் பார்க்கிறார்களாம். என்னை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போன் அடித்தாலே ஓடிப் போய் எடுக்கிறேன். மதுவுக்கும் படிப்பு முடியப் போகிறது, அடுத்த வருடம் அவளும் எங்கேயாவது வேலைக்குப் போவாள்.

கபாலி உங்களுக்குத் துணையிருக்கட்டும். படித்ததும் போன் செய்யுங்கள். எதற்கு வம்பு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

உங்கள்
சாருலதா