என் பேர் போட்ட சீட்டு

மார்ச் 4, திங்கள்

என் சிடுமூஞ்சிக்கு,

உங்க சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். இருக்கிறது ஒரே அறை. வயசுக்கு வந்த மகளைப் பக்கத்தில் படுக்க வெச்சுக்கிட்டு இதை வாயால கேட்க முடியுமா? எட்டு மாசமா சுவரைப் பார்த்துப் படுக்குறீங்க. என் கை பட்டா தேள் கொட்டின மாதிரி எழுந்து தண்ணி குடிக்கப் போறீங்க. நான் பெருத்துட்டேனா? இல்லை, லிஃப்ட் ரிப்பேருக்குப் போற இடத்துல எவளாவது இருக்காளா? இருந்தா சொல்லித் தொலைங்க. அழுது முடிச்சுட்டு வேலையைப் பார்ப்பேன்.

உங்க வாயாடி


மார்ச் 5

வாயாடி,

எவளும் இல்லை. இருக்கிற ஒருத்தியையே சமாளிக்க முடியலை. மனசு வருது, உடம்பு வரமாட்டேங்குது. ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் தூக்கி விடுறவனுக்கு இந்தக் கதி. சிரிச்சுக்கோ. உன் ஆஸ்பத்திரியில் இதுக்குன்னே ஒரு டாக்டர் வியாழக்கிழமை உட்கார்றார்னு போர்டு பார்த்தேன். என் சர்க்கரை, நெஞ்சு வலி எல்லாம் அங்கே எழுதி வெச்சிருக்காங்க. போகட்டுமா?

சிடுமூஞ்சி


மார்ச் 6

என் சிடுமூஞ்சிக்கு,

சிரிக்கலை. நிம்மதியா அழுதேன். ஆனா அங்கே மட்டும் வேண்டாம். பதினோரு வருசமா அந்த ஆஸ்பத்திரிப் போர்வையைத் துவைக்கிறேன். சீட்டு எழுதுறவளுக்கு வாய் ஒரு முழம். சாயங்காலத்துக்குள்ள சலவைக்கூடம் முழுக்க, "என்னடி, வீட்டுக்காரர் ஓய்வு வாங்கிட்டாராமே?"ன்னு ஆரம்பிச்சுடுவாளுக. மானம் போறது எனக்கு. வேற இடம் போங்க. உங்க நெஞ்சு மாத்திரைச் சீட்டுல 'ஊழியரின் கணவர்'னு என் பேர் போட்டிருக்கு. அதை உங்க பையிலிருந்து எடுத்து வெச்சுட்டேன்.

உங்க வாயாடி


மார்ச் 21

வாயாடி,

ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துட்டேன். கதவைச் சாத்திட்டு, தலைவலியைப் பத்திப் பேசுற மாதிரி பேசினார். சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்குமாம். சர்க்கரையைக் குறைக்கணும், நடக்கணும், பீடியை விடணும். இப்போதைக்கு மாத்திரை. அது கேட்கலைன்னா ஒரு பம்பு இருக்காம், ஊசி இருக்காம். "அடுத்த தடவை மனைவியையும் கூட்டிட்டு வாங்க"ன்னார்.

நெஞ்சு வலி உண்டா, அதுக்கு மாத்திரை போடுறீங்களான்னும் கேட்டார். இல்லைன்னுட்டேன். உண்டுன்னா சீட்டைக் கேட்பார், உன் பேர் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சித்தி வீட்டுக்குப் போறாதானே? இன்னிக்கு விசில் அடிச்சுக்கிட்டே வேலை பார்த்தேன்.

உன் சிடுமூஞ்சி


ஏப்ரல் 9

என் சிடுமூஞ்சிக்கு,

நீங்க போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது மாப்பிள்ளை மாதிரி சிரிச்சீங்க. கொஞ்ச நேரத்துல நெஞ்சைப் பிடிச்சீங்க. எப்பவும் போல, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நான்தான் எடுத்து வெச்சேன். அதுவும் நீங்க அன்னிக்குப் போட்ட புது மாத்திரையும் ஒண்ணா சேரவே கூடாதாம். ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிடுமாம். நமக்கு யாரு சொன்னா? சொல்லக்கூடிய ஒரு மனுசர்கிட்ட சீட்டைக் காட்ட விடாம பண்ணினவ நான்.

கடைசியில் என் ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போனேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?"ன்னு டாக்டர் கேட்டார். சீட்டு எழுதுறவ பக்கத்துலயே நின்னா. இல்லைன்னேன். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா"ன்னார். மறுபடியும் இல்லைன்னேன். உங்க சட்டைப்பையில் அந்தப் புது மாத்திரை அட்டையைப் பார்த்து நர்ஸ் கத்தினப்போ நேரம் போயிடுச்சு.

யாரும் சிரிக்கலை. நேத்து வேலைக்குப் போனேன். சீட்டு எழுதுறவ சலவைக்கூடத்துக்கே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க வீட்டுக்காரரும் ரெண்டு வருசமா அந்த வியாழக்கிழமை டாக்டர்கிட்டதான் வர்றார்க்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"ன்னா. அவளை அறையலாம் போல இருந்துச்சு. அறைய வேண்டிய கன்னம் அவளோடது இல்லை.

மகள்கிட்ட வெறும் நெஞ்சு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் அந்த மானத்தைத்தான் கட்டிக்கிட்டு அழறேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். டாக்டர்கிட்ட முதல் தடவை இல்லைன்னு சொன்னப்போ, நீங்க கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீங்க. சொல்லுடின்னு பார்த்தீங்களா, சொல்லாதேன்னு பார்த்தீங்களா?