தொட்டியைத் தொடாத விண்ணப்பதாரர்

நிலவின் மறுபக்க நிலையம்
குறிப்பு: அருமைநாதன், தேர்வு அலுவலர்

ஜூன் 3, 09.10

காற்று சரி. மின்சாரம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு வழக்கம்போல மக்கர்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவருக்கு: விண்பொறியியல் கல்லூரிக்கு மாணவர் எடுக்கும் வேலையை நிலவில் வைத்திருக்கிறார்கள். பூமியில் வைத்தால் சிபாரிசு போன் ஓயாதாம். விண்ணப்பதாரரின் பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் ‘தராசு’ என்ற இயந்திரம் நீக்கிவிடும். மதிப்பெண் போடுவதும் அதுதான். அதை மறுக்க வேண்டுமானால் நான் எழுத்தில் காரணம் தர வேண்டும்.

இன்னும் ஓர் இடம்தான் பாக்கி. தேர்வாகிறவர் பயிற்சிக்கு இங்கே வந்து என்னோடு தங்குவார். இன்னொரு தட்டையும் கழுவி வைத்துவிட்டேன். தராசு ஒரு வணக்கம்கூடச் சொல்லாது. பேச்சுத்துணைக்கு ஏங்கிப் போயிருக்கிறேன்.

ஜூன் 4, 11.25

பூமியில் இருப்பவர்களோடு ஒலிவழி நேர்காணல். எல்லோருக்கும் ஒரே கேள்வி: குழாய் நின்றுவிட்டது, பொதுத்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, என்ன செய்வாய்? போய் எடுப்பேன் என்றார்கள் எல்லோரும். ஏழாம் எண் பெண் மட்டும் வேறு மாதிரி.

“தொட்டியத் தொட மாட்டேன் சார். யாராச்சும் வந்து ஊத்துனா குடத்துல வாங்கிக்குவேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“பழக்கம் சார்.”

ஊற்ற ஆள் வராவிட்டால்?

“அதுக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன் சார். விடியக்காலம் தகரத்துல வேர்க்குற தண்ணிய வடிச்சு எடுக்குற மாதிரி. எங்க தெருவே அதுலதான் குடிக்குது.”

தராசின் மதிப்பீடு: முன்முயற்சி குறைவு. பொதுப்பொருளைக் கையாளத் தயக்கம். நிராகரிக்கலாம்.

ஜூன் 4, 16.40

பழைய தேர்வு முடிவுகளைப் படித்துத்தான் தராசு மதிப்பெண் போடக் கற்றது. அதில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் தொட்டியைத் தொட்டு வளர்ந்தவர்கள். அவர்களைப் போலப் பேசாதவர்களை அது கழித்துவிடுகிறது. தராசின் கண்ணைக் கட்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

எனக்கு அவள் பேச்சு உடனே புரிந்தது. என் அம்மாவும் குடத்தோடு அப்படித்தான் நிற்பாள். காரணத்தை மறைக்காமல் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 5, 10.05

கல்லூரி இயக்குநர் கலாவதியிடமிருந்து ஒலிச்செய்தி:

“அருமைநாதன், நீங்க எழுதினதத் தராசு நிறுத்தி வச்சிருக்கு. சாதியக் காரணமாக் காட்டினா விதிப்படி அந்தப் பொண்ணோட விண்ணப்பமே ரத்தாயிடும். வேற காரணம் எழுதுங்க. நாளைக்கு மதியம் வரைக்கும்தான் டைம். இனிமே நீங்க எழுதுற நாட்குறிப்பையும் தராசு அப்பப்பவே சரிபார்த்து நீக்கும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க உங்க ஆளா?”

இத்தனை வருட வேலைக்கு இந்த ஒரு கேள்விதான் மிச்சம்.

ஜூன் 5, 15.30

வேறு காரணம் எழுதினேன். காற்றின் ஈரத்திலிருந்து தண்ணீர் எடுக்கத் தெரிந்தவள், இந்த நிலையத்துக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

தராசின் பதில்: அருகில் தொட்டி இருந்தும் சாதனம் செய்தது வீண் உழைப்பு. மதிப்பெண் மேலும் குறைக்கப்படுகிறது.

பாவி. வீண் இல்லை என்று விளக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் விண்ணப்பம் ரத்து. சொல்லாவிட்டால் தோல்வி. சுவரோடு பேசுகிறேன். பேச வேறு யாரும் இல்லை.

ஜூன் 6, 11.50

இன்னும் பத்து நிமிடம். விண்ணப்பத்தில் எழுத முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். படிக்கிறவரே, அவள் தயங்கவில்லை. அவள் [நீக்கப்பட்டது] என்பதால் அவளைத் தொட்டிப் பக்கம் [நீக்கப்பட்டது]. அதனால்தான் தனியாகத் தண்ணீர் செய்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானும் [நீக்கப்பட்டது]. என் அம்மா [நீக்கப்பட்டது] நின்ற அந்த [நீக்கப்பட்டது]

நிறுத்து. அது என் அம்மா. அவளையாவது விடு. என் பெயர் [நீக்கப்பட்டது], என் ஊர் [நீக்கப்பட்டது], நான்

ஜூன் 6, 12.00

தராசு: ஏழாம் எண் நிராகரிக்கப்பட்டது. இந்த நாட்குறிப்பு சரிபார்க்கப்பட்டது. இதில் எவருடைய சாதியும் இடம்பெறவில்லை. தேர்வு நேர்மையாக நடந்தது.