அறுபது தப்படி தூரம்

நாள் 211, 07:10
பதிவு: ஜெசிந்தா கர்வாலோ, துளைப்புப் பொறியாளர், நிலவின் தென்முனை நிலையம், முதல் குடில்.
பனித் துளை ஆழம் 14 மீட்டர். காற்றில் கரியமில வாயு 0.41 சதவீதம். எல்லாம் சீர்.
இரண்டாம் குடிலில் நிலவியலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி. மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் அறுபது தப்படி நடைவழி. போன வாரம் பனி மாதிரிகளுக்குத் தப்புத்தப்பாக எண் போட்டிருந்தார். பூமிக்குப் புகார் எழுதினேன். அது என் வேலை. நேற்று வந்து நின்றார்.
"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்மா. அறுபது தப்படி நடந்து வந்து மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்லா?"
அவர் போனதும் நடுக்கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினேன். பேச்சு இணைப்பையும் பிடுங்கிவிட்டேன். இனி எல்லாம் எழுத்தில்தான். எழுத்தில் இருந்தால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

நாள் 214, 13:30
துளை 15 மீட்டர். கதவு சாத்தியிருப்பதால் இரண்டு குடிலுக்கும் காற்று தனித்தனி. கரியமில வாயு 0.41. நூல் பிசகவில்லை.
தலைவலி. அண்ணாச்சியின் பேச்சைக் கேட்காமலேயே தலைவலி வருவது புதுசு. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவர் செய்திக்கு மேல் செய்தி அனுப்புகிறார். திரையில் 'நலம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் வேலை முடிந்தது.

நாள் 216, 16:05
துளை 15 மீட்டர். இன்று துளைத்தேனா என்று நினைவில்லை.
அவரும் பூமியும் சேர்ந்து என்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள். எனக்குத் தெரியும். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. கரியமில வாயு 0.41. இந்தக் காற்று அளவி ஒன்றுதான் இங்கே நம்பத் தகுந்தது.

நாள் 217, 10:40
அவர் செய்தி, அப்படியே:
"உப்புப் பொட்டலம் உன் பக்கமா இருக்கான்னு கேட்டேன். 'நலம்'னு பதில் வருது. நேத்தும் இதே கதைதான். சண்டைய அப்புறம் போட்டுக்கிடலாம்மா. கதவுக் கண்ணாடிகிட்ட வந்து மூஞ்சியக் காட்டு."
காட்ட மாட்டேன். நலம் என்று சொன்னால் நலம்தான். கரியமில 0.41.

நாள் 217, 11:20
தட்டச்சு வரவில்லை. பேசுகிறேன், கருவி எழுதிக்கொள்ளட்டும்.
சுவர் அதிர்ந்துகொண்டே இருந்தது. கதவை இடிக்கிறார். நறுக்கென்று நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். என்னைப் பார்த்ததும் அது அப்படியே வெளிறிப்போனது. இந்த மனிதர் இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.
அப்போதுதான் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.
எந்த அளவியும் ஏழு நாள் ஒரே எண்ணில் நிற்காது. அது செத்துப்போய்விட்டது. நான் பொறியாளர், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவியும் பழுதாகியிருக்கும். கெட்ட காற்றைத்தான் இத்தனை நாளும் சுவாசித்திருக்கிறேன். கதவு திறந்தால் அவர் பக்கத்துக் காற்று வரும். பிழைத்துக்கொள்வேன். பூட்டு என் பக்கம் மட்டும்தான்.

11:26
பூட்டுச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறேன். எந்தப் பக்கம் சுற்றுவது? பூட்டியதும் நான்தான். ஒரு பக்கம் சுற்றினேன், இறுகிவிட்டதோ என்னவோ. அவர் ஏதோ கத்துகிறார், இந்தப் பக்கம் கேட்கவில்லை.
இதை எடுத்துப் படிப்பவருக்கு: அவர் மேல் தப்பில்லை. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். நான் கேட்கவில்லை.

11:31
கீழே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திரு என்கிறார், கையால். எழுந்துவிட்டேன். அழுகிறார். அழாதீங்க அண்ணாச்சி.
கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். இடது பக்கமாக. அவருக்கு இடது. நாங்கள் எதிரெதிரே நிற்கிறோம், அப்படியென்றால் எனக்கு அது