அப்பாவின் வலது கால்

அன்பு மகளுக்கு,

கல்லறையிலிருந்து எழுந்தவர் உன் அறைக்குள்ளும் வந்து, சமாதானம் சொல்லி, உன் பக்கத்தில் உட்காரட்டும். இங்கே நான் சுகம். அப்பா சுகமாகிக்கொண்டு வருகிறார். ஆகிக்கொண்டு வருகிறார் என்று எழுதியதை நீ இரண்டு தடவை படிப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் அப்பா என்று நான் வாயெடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. மற்ற பேச்செல்லாம் மணியாகக் கேட்கிறது. கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, முதலில் சாப்பிடு. பிறகு உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படிக்காதே.

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. பதறாதே, உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். "அங்க ஒத்தையில இருக்கா. இதையும் ஏன் அவ தலையில போடணும்"னு சொன்னார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அவருக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சலூனில் காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நிற்கிற கால் அது. சர்க்கரை வேறு. சுண்டு விரலில் புது ஷூ கடித்து ஒரு புண் வந்தது. களிம்பைத் தடவி, மேலே சாக்ஸை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். நான் கேட்டால், "கொசுக்கடிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா"ன்னு சிரிப்பார். ஒருநாள் சாக்ஸைக் கழற்றும்போது வந்த வாடையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதம் பாதி கறுத்திருந்தது. வலி இல்லாததால் அவருக்குத் தெரியவே இல்லை.

டாக்டரம்மா நல்லவர். சுற்றி வளைக்காமல், "ஐயா, காலைக் காப்பாத்தப் பார்த்தா உங்களைக் காப்பாத்த முடியாது"ன்னு சொல்லி, கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு வரவில்லை. "கடைசி நாள்ல எக்காளம் ஊதி செத்தவங்கள எழுப்பும்போது நான் முழுசா எந்திரிக்கணும். ஆண்டவர் குடுத்த உடம்பு. பாதிய குப்பையில போட்டுட்டு எப்படி அவர் முன்னால போய் நிக்கிறது"ன்னு சொன்னார். நிக்கிறது என்ற வார்த்தையைச் சொல்லும்போதே கட்டிலில் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

போதகரை வரவழைத்தேன். நீ பார்த்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், இவர் புதியவர். பொறுமையானவர். கடலில் மூழ்கினவர்கள், தீயில் வெந்தவர்கள் எல்லாரையும் எழுப்புகிறவருக்கு ஒரு கால் பெரிய விஷயமா என்று நிதானமாகக் கேட்டார். அப்பா தலையாட்டினார். பிறகு, "அவங்க யாரும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலியே ஐயா, நான் கையெழுத்துப் போட்டுல்ல குடுக்கணும்"னு கேட்டார். போதகரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. போதகர் ஜெபம் செய்துவிட்டு, வாசலில் என்னிடம், "அவர் பிடிவாதம் பண்ணலம்மா, பயந்திருக்கார்"னு சொல்லிவிட்டுப் போனார்.

பயம் என்றதும்தான் எனக்கும் உறைத்தது. உன் அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை. உன் தம்பி நம்மை விட்டுப் போன அன்றைக்குக்கூட.

மறுநாள் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குக் காய்ச்சல் வேறு ஏறியிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எந்திரிக்கிற நாளப் பத்தியே பேசுறீங்களே, இன்னிக்கு நான் எந்திரிச்சு யாருக்குக் காப்பி போடறது? ஒரு கல்லறைக்குப் போய் வர்றதே எனக்குப் போதும். ரெண்டாவது ஒண்ணு என்னால முடியாது"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுத் தச்சர் இழைப்பு வேலையை நிறுத்திவிட்டார். அவ்வளவு சத்தம்.

அப்பா மடித்து வைத்த தாளை எடுத்துப் பிரித்தார். பேனா கேட்டார். "போடறேன். ஆனா காலக் குப்பையில போடக் கூடாது. சின்னவன் பக்கத்துல அடக்கம் பண்ணணும். நான் போறவரைக்கும் அது அங்க அவனுக்குத் துணையா இருக்கட்டும்"னு சொன்னார்.

அந்த மனிதர் நம் சின்னவனைப் பற்றி அப்படி வாய்விட்டுப் பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில், எங்கள் விருப்பம் இது என்று எழுதிக் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்கள். அப்பா வீட்டுக்கு வருகிறவரை காலைக் குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம் அப்பா கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் வலது பாதம் அரிக்கிறதாம். அங்கே வெறும் போர்வைதான் தட்டையாகக் கிடந்தது. நர்ஸிடம் கேட்டேன். அப்படித்தான் இருக்கும், நரம்புக்கு இன்னும் சேதி போகவில்லை, நிஜமாகவே அரிக்கும், நிஜமாகவே வலிக்கும் என்றார். அப்பா என்னைப் பார்த்து ஆச்சரியமாக, "இல்லாத கால் எப்படி இப்படி வலிக்குது?"ன்னு கேட்டார். நான் யோசிக்காமலே, "எனக்கு அஞ்சு வருஷமா அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போர்வைக்கு மேலே, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சும்மா சொறிந்துவிட்டேன். கொஞ்சம் அரிப்பு அடங்கின மாதிரிதான் இருந்தது என்று பிறகு சொன்னார்.

அடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். தச்சர் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். நல்ல மரம், மூலை மூலைக்குப் பித்தளை ஆணி. இந்த மாதிரி அளவில் பெட்டி செய்ததே இல்லை, வயலின் பெட்டி மாதிரி வந்துவிட்டதே என்று சங்கடப்பட்டார். நான் அப்பாவின் பழைய கால்சட்டை ஒன்றில் வலது காலை வெட்டி எடுத்து, உள்ளே விரித்தேன். இனி எல்லாக் கால்சட்டையிலும் வெட்டுகிற துணிதானே அது. கல்லறைத் தோட்டத்துக் காவலாளி, ஆள் பெயர் இல்லாமல் குழி தோண்ட முடியாது என்று நின்றார். அப்பா சக்கர நாற்காலியிலிருந்து, "ஆள் நான்தான். மிச்சம் பின்னால வரும்னு போட்டுக்குங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான், கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். போதகரும்தான். காலுக்கென்று தனியாக ஜெபம் எதுவும் அச்சில் இல்லையே என்று அவருக்குக் கவலை. கடைசியில், இத்தனை வருஷம் இவரைச் சுமந்ததற்காக நன்றி என்று மட்டும் சொல்லி ஜெபித்தார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

பெட்டியைத் தம்பியின் கல்லறையை ஒட்டி இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அப்பாவிடம் கொடுத்தார்கள். கையில் வாங்கினார். போடவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. வலி என்று நினைத்து நான் ஓடிப் போனேன். வலி இல்லை, அழுகை. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதார். வந்தவர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும், அந்தக் கல்லறையும்தான்.

தம்பியை அடக்கம் பண்ணின அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களையெல்லாம் வரவேற்றது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாய். அவர் உன் கையைப் பிடித்து இழுத்து, விசுவாசம் இல்லாதவர்கள் மாதிரி அழாதே, அவன் உயிர்த்தெழுவான் என்றார். "அது எப்பவோ. எனக்கு அவன் இன்னிக்கு வேணும்"னு நீ கையை உதறினாய். அன்றைக்கு உதறின கைதான். அந்த மாதமே வேலை தேடி அவ்வளவு தூரம் போய்விட்டாய்.

அன்று கல்லறை முன்னால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "இந்தக் கால் எந்திரிக்கும்னு நான் நம்புறேன். சந்தேகமே இல்ல. இருந்தும் அழுகை வருதே. ஒரு காலுக்கே இப்படின்னா, அவ அன்னிக்கு அழுததுல என்ன தப்பு? ஆண்டவர்கூட, செத்துப்போன சிநேகிதன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அவன் கல்லறை முன்னால அழுதாரே. அவர் அழலாம், என் பிள்ள அழக் கூடாதா? நான் நம்பிக்கைன்னு நெனச்சது பாதி பயம்தான். அழ ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு பயம்."

அழுகை நின்றது. பிறகு மண்ணைப் போட்டார்.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்தில்தான். அப்பாதான் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். உட்கார்ந்தே வாசிக்கலாம் என்றார்கள், கேட்கவில்லை. இரண்டு ஊன்றுகட்டைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்கு, ஆணியும் ஈட்டியும் பாய்ந்த தம்முடைய கைகளையும் விலாவையும் காட்டுகிற இடம் வந்தது. அங்கே நிறுத்திவிட்டார். வரி தப்பிவிட்டதோ என்று நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "காயம் அப்படியே இருக்கு பாரு. எந்திரிச்சப்புறமும் இருக்கு. இத்தன வருஷம் வாசிச்சிருக்கேன், கவனிக்கவே இல்ல"ன்னு சொன்னார். பிறகு மீதியை வாசித்து முடித்தார். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். உன்னை விசாரிக்காதவர்கள் இல்லை.

எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது மகளே. கல்லறையைத் தாண்டி ஒரு நாள் இருக்கிறது என்று நம்புகிறேன், அன்றைக்குச் சின்னவனைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்த நாளுக்காக இந்த நாளை மூடி வைக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் தம்பியின் பெயர் மறுபடி புழங்குகிறது. அவன் ஒருமுறை சலூன் மெஷினை எடுத்துத் தனக்குத்தானே முடி வெட்டிக்கொண்டு தலையில் தொப்பியோடு ஒரு வாரம் சுற்றினானே, அதைச் சாப்பிடும்போது அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அழவும் செய்தார். இரண்டும் ஒரே சாப்பாட்டில்.

கடையைத் திறந்துவிட்டோம். சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து நாற்காலியைச் சுற்றி வருகிறார். உயரமான ஆட்கள் வந்தால் கொஞ்சம் சரிந்து உட்காரச் சொல்கிறார், அவர்களும் சரிந்துகொள்கிறார்கள். திங்கட்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்ப் படுத்திருப்பவர்களுக்குச் சவரம் செய்துவிடுகிறார். போன வாரம் அங்கே ஒருவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாராம். அப்பா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சவரத்தை முடித்துவிட்டு, தன் கால்சட்டையை மடக்கிக் காட்டி, "அரிக்கும். அத மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன்"னு சொன்னாராம்.

உனக்கு அவர் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். மூன்று நாள் மேஜையில் வெள்ளைத்தாள்தான் இருந்தது. கத்தரி பிடித்த கைக்குப் பேனா வரவில்லை என்று சாக்குச் சொல்கிறார். நீயே எழுது, நான் அழுததையும் சேர்த்து எழுது என்றார். எழுதிவிட்டேன். அவரை மன்னித்துவிடு என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் நான் எத்தனை நாள்தான் பாலமாகப் படுத்துக் கிடப்பது, முதுகு வலிக்கிறது.

அடுத்த மாதம் செயற்கைக் கால் பொருத்துகிறார்கள். நடை பழக்குகிற பெண் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். முதல் சில வாரம் இந்தக் கூடத்திலேயே, ஜன்னலிலிருந்து கதவு வரை நடந்தால் போதுமாம். ஆனால் தனியாக விடக் கூடாது, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இடது பக்கத்துக்கு நான் இருக்கிறேன்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும். போக்கு போதும் கண்ணு, இனி வரத்தைக் காக்கட்டும்.

என்றும் உன்
அம்மா