நல்ல இரத்தம் என்று நம்பியது

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் கால் விரல் புண் எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

எங்கள் ஆய்வகத்தில், புண் இருக்கும் இடத்துக்கு வெள்ளை அணுக்கள் எப்படி நகர்ந்து போகின்றன என்று பார்க்கிறோம். நாங்கள் கண்ணாடியில் செய்து வைத்திருக்கும், தம்மைவிடக் குறுகலான சந்தில்கூட உடம்பை நூலாக இழுத்து நுழைந்துவிடும். சர்க்கரை நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும். தருவதாகச் சொன்னவர் அன்று வரவில்லை. நான்தான் இருக்கிறேனே என்று கையை நீட்டிவிட்டேன்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நோயாளியின் அணுக்களைப் போலவே என்னுடையவையும் சந்து வாசலில் திகைத்து நிற்கின்றன. குப்பியை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதே கதைதான். பக்கத்து மேசை அக்கா, "நீ கடைசியா எப்ப சுகர் பார்த்த?" என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை. உடனே பார்த்தோம். உங்களுக்கு இருப்பதைவிட அதிகம், அப்பா.

பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் "அது பாட்டுக்கு ஆறிடும்மா" என்று போனில் சொன்னீர்களே, அந்தப் புண் தானாக ஆறாது. அங்கே போய்ச் சேர வேண்டியவை நகர மாட்டாமல் நிற்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். இதைப் படித்ததுமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் எழுதுங்கள். சர்க்கரை போடாத முதல் டீயை நீங்கள் எப்படிக் குடித்தீர்கள்? என்னுடையது மேசையில் அப்படியே இருக்கிறது.

உங்கள் மகள்