அம்மாவோட பல் தடம்

மாசி 9, ஞாயிறு

காரைக்கால் கலைக் கண்காட்சியில நான் மாட்டியிருக்கறது அம்மாவோட பழைய பறி. எங்க இருளர் பொம்பளைங்க அரசலாத்துச் சேத்துல ரெண்டு கையாலயும் இறால் துழாவும்போது, இந்த ஓலைக்கூடையைப் பல்லால கடிச்சுப் பிடிச்சிருப்பாங்க. விளிம்பு முழுக்க அம்மாவோட பல் தடம். அதைக் காட்டத்தான் மாட்டினேன்.

இன்னைக்குப் போய்ப் பாத்தா, தடம் இருக்கற பக்கத்தைச் சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சிருக்காங்க. அமைப்பாளர்கிட்ட கேட்டேன்.

"எச்சில் கூடை மாதிரி தெரியுதும்மா. வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க"ன்னார்.

"இதுல வந்த இறாலை மார்க்கெட்டுல வாங்கித் தின்னப்ப எச்சில் தெரியலையாங்க?"ன்னேன்.

நானே கூடையைத் திருப்பி மாட்டிட்டு வந்தேன். நாளைக்கும் தடத்தை மறைச்சிருந்தா, அம்மாவையே கூட்டிட்டுப் போய்க் கூடத்துக்கு நடுவுல நிக்க வைப்பேன், பல்லுல கூடையோட.