வெட்டச் சொன்ன சத்தம்

சின்னவனுக்கு,

அம்மா எழுதுறேன். அங்கே சுகமா இருக்கியான்னு கேட்கணும், கேட்டுட்டேன். என் சுகத்தைப் பத்தி உனக்குத் தனியா எழுத வேண்டியதில்லை, நீதான் அதைப் பார்த்து மார்க்கே போட்டுட்டியே. ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு எழுதுறேன், எழுத்து கோணல்மாணலா இருக்கும், அதுக்கும் வேணும்னா ரெண்டு மார்க் குறைச்சுக்கோ.

என்ன உளர்றேன்னு நினைப்பே. வீட்டுல படுத்திருக்கிற நோயாளியைப் பார்த்துக்கிறதுக்குன்னு உங்க காலேஜ் சார்பா ஆன்லைன்ல ஒரு படிப்பு நடத்துறியே, அதுல உங்க அண்ணி சேர்ந்திருக்கா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்க வாயைக் கட்டினதே அவதான். கொழுந்தன் போட்ட மார்க்குன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது, அவருக்கு என் ரோல் நம்பர் மட்டும்தான் தெரியும், அப்படியே இருக்கட்டும்னுட்டா. நான் இடுப்பு உடைஞ்சு படுத்ததுல இருந்து என்னைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, துடைக்கிறது எல்லாம் அவ கைதான். அந்த சர்டிபிகேட் வந்தா பக்கத்து ஆஸ்பத்திரியில வேலை தர்றதாச் சொல்லியிருக்காங்க. பெரியவன் பஸ் ஓட்டுற கம்பெனியில ஆளைக் குறைக்கிறாங்க, அவன் பேரும் அடிபடுது. அதனால அந்த வேலை இந்த வீட்டுக்கு எவ்வளவு அவசியம்னு நான் விளக்க வேண்டாம்.

படுக்கையில இருக்கிறவங்களை வலிக்காம ஒரு பக்கமாத் திருப்பி, விரிப்பை மாத்துற மாதிரி வீடியோ அனுப்பணும்னு கேட்டிருந்தே. நோயாளி முகம் தெரியக்கூடாதுன்னும் சொல்லியிருந்தே. சரின்னு அவ முகமும் விழாம கழுத்துக்குக் கீழே எடுத்தாங்க. படுத்திருந்தது நான்தான். நான் விழுந்ததுக்கு அப்புறம் மாறி வந்த இந்தத் தரைத்தள வீட்டை நீ இன்னும் வந்து பார்க்கலை, அதனால அறையும் உனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது. இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் கட்டிலுக்குப் பின்னாடி. டியூட்டி முடிச்சு வந்த கையோட பெரியவன் போனைப் பிடிச்சான், அசதியில போன் ஆடுச்சு. பாதி திரும்பும்போது எனக்கு இடுப்புல சுரீர்னு பிடிச்சு முனகிட்டேன். அவ அப்படியே நிறுத்திட்டா. கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. மூச்சை விடுங்க அத்தை, ஒண்ணும் அவசரமில்லைன்னு என் காதுகிட்ட மெல்லச் சொல்லி, வலி இறங்குற வரைக்கும் காத்திருந்து, முழங்காலுக்கு நடுவுல தலையணையை வச்சு, குழந்தையைத் திருப்புற மாதிரித் திருப்பினா.

மார்க்கோட கூடவே நீ பேசிப் பதிவு பண்ணின கருத்தும் வந்துச்சு. அவ கை ஈரமா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டா. உன் குரல் கேட்டதும் நீதான் வந்துட்டேன்னு நினைச்சு வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பினேன் பாரு, அந்த முட்டாள்தனத்தை நினைச்சாத்தான் இப்பவும் பத்திக்கிட்டு வருது. வெளிச்சம் போதாதுன்னே, படம் ஆடுதுன்னே, ஆரம்பத்துல தலைப்பு இல்லைன்னே. அதெல்லாம் போகட்டும். கடைசியில சொன்னியே, அதை அப்படியே எழுதுறேன்:

"பின்னாடி அந்த அம்மா முனகுறது பார்க்கிறவங்களுக்குத் தொந்தரவா இருக்கு. எடிட்டிங்ல அதை வெட்டியிருக்கணும். நடுவுல ஒண்ணும் நடக்காம நிக்கிற இடத்தையும் வெட்டியிருக்கணும்."

நூத்துக்கு முப்பத்தெட்டு, ஃபெயில். பெரியவன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டான். உங்க அண்ணி போனைக் கவுத்து வச்சிட்டு, அவருக்குத் தெரியாதுல்ல அத்தைன்னு உனக்காக என்கிட்ட சமாதானம் சொல்றா. பெத்தவ குரல் தெரியாததைக்கூட விட்டுடுறேன், போன்ல கேட்டா எல்லாக் கிழவியும் ஒண்ணுபோலத்தான் இருப்பா. ஒண்ணும் நடக்காத இடம்னு சொன்னே பாரு, அந்தப் படிப்புல கத்துக்க வேண்டிய விஷயமே அந்த இடத்துலதானே நடந்துச்சு? வாத்தியார் நீ, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?

இன்னொரு வாய்ப்பு இருக்குன்னு ரெண்டாவது வீடியோ எடுத்தாங்க. எதிர்வீட்டுத் தையல்காரி, குதிரை மாதிரி திடமா இருக்கிறவ, கட்டில்ல படுத்துக்கிட்டுச் சிரிப்பை அடக்க முடியாம நெளிஞ்சா. போட்டோ கடைக்காரர்கிட்ட வட்ட விளக்கு இரவல் வாங்கினாங்க, பின்னாடி பாட்டுச் சத்தம், முன்னாடி பூப்போட்ட எழுத்துல தலைப்பு. உங்க அண்ணி கை படுறதுக்கு முன்னாடியே தையல்காரி தானா உருண்டு திரும்பிட்டா. அதுக்குத் தொண்ணூத்திரண்டு போட்டு, இப்படித்தான் இருக்கணும்னு பாராட்டியிருக்கே. யார் யாரைத் திருப்பினான்னு பார்த்தியா, விளக்கை மட்டும் பார்த்தியா?

பாஸ் ஆனவளுக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. பெயர் சொல்லாம, நம்பரை மட்டும் போட்டு உனக்கு எழுதினா. ரெண்டாவது வீடியோவுல நோயாளி தானாத்தான் திரும்பினாங்க, அதை ரத்து பண்ணிட்டு முதல் வீடியோவைச் சத்தத்தோட இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்டிருந்தா. உனக்கு ஞாபகம் இருக்கும். கிடைச்சதை வாங்கிக்கிட்டு வாயை மூடுன்னு பெரியவன் அவளோட சண்டை போட்டான். அவ சத்தமே போடலை.

"நாளைக்கு வார்டுல ஒருத்தர் முனகினா நான் எதை வெட்டுறது?"ன்னு மட்டும் கேட்டா. அவன் இரவல் விளக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிட்டான்.

உன்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. மதிப்பீடு முடிஞ்சிடுச்சு, மாத்த விதி இல்லை, நல்ல மார்க் வந்திருக்கே, சந்தோஷப்படுங்கன்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டதுக்கு அப்புறம்தான் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுறேன். தெரிஞ்சா அவ என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டா. பரவாயில்லை. சர்டிபிகேட்டை ஆஸ்பத்திரியில காட்டாமலே வச்சிருக்கா. மாசக் கடைசி வரைக்கும்தான் அவங்க காத்திருப்பாங்க.

இதைப் படிச்சதும் அய்யோ அண்ணியான்னு ஓடிப்போய் அவளுக்கு மட்டும் மார்க்கை ஏத்திடாதே. அது இதைவிடக் கேவலம், அவளும் அதைத் தொட மாட்டா. உனக்கு மேலே இருக்கிறவங்ககிட்ட போ. நான் கையைப் பார்க்காம கேமராவைப் பார்த்து மார்க் போட்டுட்டேன்னு சொல்லு. நீ ஃபெயில் ஆக்கின வீடியோ எல்லாத்தையும் மறுபடி திற. ஒத்த ஜன்னல் வீடு இந்த உலகத்துல எங்களுக்கு மட்டும்தானா? எத்தனை பேர் வலியைத் தொந்தரவுன்னு எழுதி வச்சிருக்கியோ, அத்தனை பேருக்கும் உன் வாயாலேயே பேசி அனுப்பு. படம் பிடிக்கிறதுக்குத் தனியா மார்க் வேணும்னா பத்து வச்சுக்கோ, யாரு வேண்டாம்னா.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்குக் கண்ணாடி மாத்தினதாச் சொன்னே, காதையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டு. எனக்கு போன் பண்ணி அழாதே, எடுக்க மாட்டேன். முதல்ல செய்ய வேண்டியதைச் செய். திட்டிக்கிட்டே சொன்னாலும் பெத்தவ வாழ்த்து வாழ்த்துதான், நல்லா இரு, நாலு பேர் உன்கிட்ட படிச்சு உருப்படட்டும். விதி இல்லைன்னு மறுபடியும் எழுதினியோ, இந்தக் கடிதத்தை உங்க காலேஜுக்கே அனுப்பி வைப்பேன், பெரியவன்கிட்ட விலாசம் கேட்டு வாங்கி வச்சிட்டேன்.

இப்படிக்கு,
முனகினவள்,
உன் அம்மா